போத்தலுக்குள் எத்தனை கிராம்?

ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். கல்குலேட்டர் தேவையில்லை.

2021 ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தியாவிலிருந்து விமானத்தில் இலங்கைக்கு ஒரு திரவப் பசளை வந்தது. தயாரித்தது இஃப்கோ என்ற இந்தியக் கூட்டுறவு நிறுவனம். அங்கே அதன் பெயர் நனோ யூரியா. இங்கே செய்திகளில் பெரும்பாலும் 'நனோ நைதரசன்' என்று வந்தது. இந்திய விவசாயிகளிடம் அந்த நிறுவனம் சொன்னது இதுதான்: 500 மில்லிலீட்டர் போத்தல் ஒன்று, 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றுக்குச் சமம்.

போத்தலில் நைதரசன் 4 வீதம். அப்படியென்றால் 500 மில்லிலீட்டருக்குள் 20 கிராம். யூரியாவில் நைதரசன் 46 வீதம். அப்படியென்றால் 45 கிலோ மூட்டைக்குள் 20 கிலோவுக்கும் மேல். ஒரு பக்கம் 20 கிராம், மறுபக்கம் 20 கிலோ. ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இது ஆறாம் வகுப்புக் கணக்கு. ஆனால் அந்த நாட்களில் எங்கள் கண்ணில் பட்ட தமிழ்ச் செய்திகளில் விமானம் இருந்தது, அமைச்சர் இருந்தார், 'அதிநவீன தொழில்நுட்பம்' இருந்தது, இந்தக் கணக்கு இல்லை. 'நனோ' என்று ஒரு சொல் வந்து நின்றதும் கேள்வி கேட்கிற வாய் மூடிக்கொள்கிறது. அது ஏதோ பெரிய விஞ்ஞானம், நமக்கெல்லாம் விளங்காது என்று விட்டுவிடுகிறோம்.

கலைப்பீடத்துக்காரர்கள் இரசாயனத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். இரசாயனத்தில் நடக்கிற ஆராய்ச்சி வயலுக்கும் தேயிலை மலைக்கும் குடிதண்ணீருக்கும் வந்து சேர்கிறது. வந்து சேரும்போது அது விஞ்ஞானமாக மட்டும் வருவதில்லை, கொள்கையாகவும் விலையாகவும் சம்பளமாகவும் வருகிறது. அதை வாசிக்கத் தெரியாத சமூகத்துக்கு எதையும் விற்கலாம், எதையும் தடைசெய்யலாம். 2021இல் ஆறு மாத இடைவெளியில் இரண்டுமே நடந்தன.

முதலில் இந்த நைதரசன் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன்தான். ஆனால் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. இரண்டு நைதரசன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்துவதற்கு ஓர் ஊக்கி வேண்டும். ஊக்கி என்பது தாக்கத்தை வேகப்படுத்திவிட்டுத் தான் செலவாகாமல் நிற்கும் பொருள். 1909இல் ஜேர்மனியில் ஃபிரிட்ஸ் ஹாபர் ஒஸ்மியம் என்ற அரிய உலோகத்தை வைத்து இதைச் செய்துகாட்டினார். பிறகு அல்வின் மிட்டாஷும் அவரது குழுவும் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, கடைசியில் மலிவான இரும்பிலேயே வழி கண்டுபிடித்தார்கள். 1913இல் கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். காற்றின் நைதரசனும் ஐதரசனும் சேர்ந்து அமோனியா, அமோனியாவிலிருந்து யூரியா. இன்று உலக மக்களில் கிட்டத்தட்ட பாதிப் பேரின் சாப்பாடு இந்த இரும்புத் துகளை நம்பித்தான் இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அந்த இரும்பின் மேற்பரப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் படிப்படியாக விளக்கியதும் சேர்த்துத்தான் ஜெர்ஹார்ட் எர்டலுக்கு 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. அதாவது, வேலை செய்யத் தொடங்கிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் ஏன் வேலை செய்கிறது என்பது தெளிவானது.

இதே ஹாபர்தான் 1915இல் போர்முனையில் குளோரின் வாயுவைப் பயன்படுத்துவதற்கு முன்நின்றவர். சோறு போட்ட இரசாயனமும் ஆள் கொன்ற இரசாயனமும் ஒரே கையிலிருந்து வந்தவை. ஆகவே இரசாயனம் என்றாலே விஷம் என்பதும் சரியில்லை, விஞ்ஞானம் என்றாலே நன்மை என்பதும் சரியில்லை. எது, எவ்வளவு, யாருக்கு என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

யூரியாவின் பிரச்சினை அது தயாரான பிறகு தொடங்குகிறது. யூரியா தண்ணீரில் சட்டென்று கரையும். செடிக்கு நைதரசன் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தேவைப்படும். மண்ணிலோ அது கொஞ்ச நாளில் அமோனியாவாகக் காற்றோடு போகும், அல்லது நைத்திரேற்றாக மழைத் தண்ணீரோடு போகும். நமது பக்கம் ஹந்தானைச் சரிவில் போட்ட உரத்தில் மழை கழுவிக்கொண்டு போவது கடைசியில் மகாவலிக்குத்தான். போட்ட நைதரசனில் பாதியைக்கூடப் பயிர் எடுப்பதில்லை என்பது உலகம் முழுக்க விவசாய ஆய்வாளர்கள் அடிக்கடி சொல்லும் விஷயம். காசு போகிறது, ஆறும் கெடுகிறது.

இந்த இடத்தில்தான் நம் நாட்டிலேயே நடந்த ஒரு நல்ல ஆராய்ச்சி வருகிறது. எங்கள் கம்பஸுக்கும் அதில் பங்கு உண்டு. பேராதனையின் இரசாயனவியல் பேராசிரியர் வெரஞ்ஜ கருணாரத்ன, நில்வலா கோட்டேகொட ஆகியோர் இருந்த ஒரு குழு, ஸ்லின்டெக் எனப்படும் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. மருந்தை உடம்புக்குள் மெல்ல மெல்ல விடுவிப்பதற்கு நனோ பொருட்களை எவ்வளவோ பேர் ஆராய்கிறார்கள். அதே முறையில் பயிருக்கு உரத்தை மெல்ல விடுவிக்க முடியாதா?

அவர்கள் தேர்ந்தெடுத்த பொருள் ஐதரொக்சி அபடைற்று. பெயர் பெரிதாக இருந்தாலும் நம் எல்லோரிடமும் இருக்கிற பொருள்தான். எலும்புக்கும் பல்லுக்கும் கடினத்தைக் கொடுக்கும் கல்சியம் பொஸ்பேற்றுக் கனிமம். இடுப்பு மூட்டு மாற்றும்போது வைக்கும் உலோகத்தின் மேல், எலும்பு நன்றாக ஒட்டி வளரட்டும் என்று இதைப் பூசுவதுண்டு. உடம்பு இதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. இதை நனோ அளவுக்குச் சிறிய துணிக்கைகளாகச் செய்யலாம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நனோமீட்டர். அப்படிச் செய்யும்போது ஒரே எடைக்கு மிகப் பெரிய மேற்பரப்பு கிடைக்கிறது. அந்த மேற்பரப்பில் யூரியா மூலக்கூறுகள் நிறையவே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது உடனே ஓடாது. கடைசியில் மிஞ்சும் துணிக்கையும் வீணில்லை, அது செடிக்குப் பொஸ்பரஸ்.

2011இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு அழகான விஷயம் இருக்கிறது. யூரியா ஏற்றிய துணிக்கைகளை அவர்கள் கிளிரிசீடியா மரத்துண்டுக்குள் அடைத்தார்கள். தேயிலைக்கு நிழலாகவும் வேலியாகவும் நிற்கிற அதே மரம். இலங்கையில் மூன்று வெவ்வேறு உயரங்களிலிருந்து எடுத்த மண்ணில் போட்டுப் பார்த்தார்கள். சாதாரண உரம் ஆரம்பத்தில் நிறைய விட்டுவிட்டு, பிறகு சுமார் 30ஆம் நாள் வரை கொஞ்சம் கொஞ்சமாக, ஒழுங்கில்லாமல் விட்டது. இவர்களுடையது 60ஆம் நாளிலும் நைதரசனை விட்டுக்கொண்டிருந்தது. 2017இல் 'ஏசிஎஸ் நனோ' என்ற சர்வதேச ஆய்விதழில் அடுத்த கட்டம் வந்தது. ஆறு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு ஐதரொக்சி அபடைற்று. தனி யூரியாவை விட 12 மடங்கு வரை மெதுவாக விடுவிக்கிறது. நெல் வயலில் செய்த சோதனையில் பாதி அளவு யூரியாவோடு நல்ல விளைச்சல் கிடைத்ததாகச் சொன்னார்கள்.

இப்போது எங்கள் முதல் கணக்குக்கு வருவோம். இந்த உள்ளூர்ப் பொருளில் நைதரசன் எத்தனை வீதம்? சுமார் 40. அதாவது 50 கிலோ மூட்டை செய்தால் 20 கிலோ நைதரசன் உள்ளே இருக்கும். இது நைதரசனை ஆகாயத்திலிருந்து வரவழைக்கும் மந்திரம் இல்லை. வீணாகப் போகிற பாதியைப் போகவிடாமல் பிடித்து வைக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஆகவேதான் 'பாதி போதும்' என்ற அதன் கூற்றுக்குக் கணக்கில் இடம் இருக்கிறது. அது எல்லா மண்ணிலும் எல்லாப் பயிரிலும் நிற்குமா என்பதைச் சுயாதீனமான பரிசோதனைகள்தான் சொல்ல வேண்டும். ஆனால் குறைந்தபட்சம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒத்துவருகிறது.

போத்தலின் கணக்குக்கு அந்த இடம்கூட இல்லை. இலையில் தெளித்தால் வீணாகாது, அதனால் கொஞ்சம் போதும் என்பது நிறுவனத்தின் வாதம். சரி, ஒரு துளியும் வீணாகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 20 கிராம் 20 கிராம்தான். 2023இல் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்ஸ் ஃபிராங்க், சோரன் ஹஸ்டட் என்ற இரண்டு தாவர விஞ்ஞானிகள், இந்த நனோ யூரியாவின் கூற்றுகளுக்குப் போதிய விஞ்ஞான அடிப்படை இல்லை என்று ஓர் ஆய்விதழில் விரிவாகவே எழுதினார்கள்.

போத்தல் இங்கே வயலுக்கென்றுதான் வந்தது. ஆனாலும் எங்கள் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும். தேயிலைத் தூளில் நைதரசன் சுமார் 4 வீதம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று வைப்போம். ஒரு அக்கா ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுக்கிறார். நான்கு கிலோ தூள், அதற்குள் 160 கிராம் நைதரசன். எட்டுப் போத்தல்! ஒருத்தர் ஒரே நாளில் மலையிலிருந்து கூடையில் தூக்கிக்கொண்டு வருகிற நைதரசனே எட்டுப் போத்தல் என்றால், மூட்டைக்குப் பதில் போத்தல் என்ற பேச்சு எங்கே நிற்கும்?

இன்னொரு முரணும் உண்டு. இரசாயனப் பசளையே வேண்டாம் என்று மே மாதம் வர்த்தமானி போட்ட நாட்டுக்குள், ஒக்டோபரில் யூரியா நனோ என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு விமானத்தில் வந்தது. நவம்பரில் தடையே போய்விட்டது. நாட்டிலேயே ஆராய்ந்த மெதுவாக விடும் உரமோ, வயல்களுக்கு அனுப்பும் அளவில் மூட்டையாக இருக்கவில்லை. பத்து வருட ஆராய்ச்சியை ஆய்வுகூடத்திலிருந்து வயலுக்குக் கொண்டுவரப் பொறுமையும் காசும் வேண்டும். ஒரே இரவில் நாட்டைச் சேதனப் பசளைக்கு மாற்றுகிறோம் என்ற அரசியலுக்கு இரண்டுமே இல்லை.

இதன் விலையை யார் கொடுத்தார்கள்? 2021இல் 30 கோடி கிலோவை ஒட்டி இருந்த இலங்கையின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் போனதற்கும் இதில் பங்கு இருக்கிறது, ஆனால் உரம் இல்லாத செடியில் கொழுந்து குறைவது தோட்டத்தில் எவருக்கும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. 2021 மார்ச்சில்தான் எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. வந்த கையோடு, இத்தனை கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், இல்லையென்றால் அரைப்பேர் என்ற சண்டையும் வந்தது. செடியில் கொழுந்தே இல்லாத நேரத்தில் கிலோவை எங்கே போய்த் தேடுவது? கொழும்பில் எடுத்த இரசாயன முடிவு ஒன்று கலஹாவிலும் தெல்தோட்டையிலும் அரைப்பேராக வந்து இறங்கியது. அந்தப் பெண்களிடம் யாரும் நைதரசனைப் பற்றிக் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

'இதையெல்லாம் நிபுணர்களிடம் விடுங்கள், நீங்கள் ஏன் தலையிடுறீங்க?' என்று ஒரு வாதம் வரும். எங்கள் நண்பர்களே கேட்டார்கள். ஆனால் 2021இல் நிபுணர்கள் பேசாமல் இருக்கவில்லை. பேராதனை விவசாய பீடப் பேராசிரியர் புத்தி மாரம்பே அரசின் முடிவு தவறு என்று வெளிப்படையாகவே பேசினார். விவசாய அமைச்சின் கீழ் அவர் வகித்த பொறுப்புகளிலிருந்து அவரை நீக்கினார்கள். ஆக, நிபுணர் பேசினாலும் போதாது. அவர் பேசுவதை விளங்கிக்கொண்டு அவர் பக்கம் நிற்க ஒரு சமூகம் வேண்டும். தமிழில் அந்தச் சமூகத்தை யார் உருவாக்குவது?

அப்படி நின்ற சமூகம் இந்த நாட்டில் இல்லாமல் இல்லை. அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவல என்ற இடத்தில் 1971இல் ஒரு பெரிய அபடைற்றுப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. நாம் மேலே பார்த்த எலும்புக் கனிமத்தின் நெருங்கிய உறவு. தொண்ணூறுகளில் ஒரு அமெரிக்கக் கம்பனியோடு சேர்ந்து அதை வேகமாகத் தோண்டி எடுக்க அரசாங்கம் திட்டம் போட்டது. அந்தப் பகுதி மக்கள் ஏழு பேர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் எடுக்கப் போகிறீர்கள், எங்கள் குளத்துக்கும் வயலுக்கும் என்ன ஆகும் என்பதுதான் வழக்கின் சாரம். 2000ஆம் ஆண்டு ஜூனில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. விஞ்ஞான நிறுவனங்களைக் கலந்து முழுமையான ஆய்வு செய்து, முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிட்ட பிறகுதான் மேலே போகலாம் என்று நீதிமன்றம் சொன்னது. கணக்கைக் காட்டு என்று ஊர் மக்கள் கேட்டார்கள், நாடு தப்பியது. அந்தப் பாறையை அரைத்த பொஸ்பேற்று இன்றும் தேயிலை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு உரமாகப் போகிறது.

தமிழில் இரசாயனம் எழுத முடியாது என்ற சாட்டும் எங்களிடம் எடுபடாது. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனும் அவரது மாணவர்களும் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூலைத் தமிழில் வெளியிட்டது 1875இல். இன்றும் இந்த நாட்டில் உயர்தரம் வரைக்கும் இரசாயனத்தைத் தமிழில்தான் படிக்கிறோம். ஊக்கி, மூலக்கூறு, மேற்பரப்பு எல்லாம் பாடப் புத்தகத்துச் சொற்கள். பல்கலைக்கழக வாசலைத் தாண்டியதும் எல்லாம் ஆங்கிலம். அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு, உலகத்தோடு பேச ஆங்கிலம் வேண்டும். ஆனால் ஊரோடு பேசுவதற்கு எதுவுமே மிஞ்சாமல் போவதை எப்படி நியாயப்படுத்துவது? மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் குறைவு என்பதால் இந்த இடைவெளி எங்கள் பக்கத்தில் இன்னும் அகலமானது.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று, பொதுமக்களின் காசில் நடக்கும் ஆராய்ச்சிகளுக்கு ஒரு பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கம் வேண்டும். பேராதனை விஞ்ஞான பீடமும் விவசாய பீடமும், ஹந்தானை வீதியில் இருக்கிற அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகமும் இதைத் தொடங்கினால் மற்றவர்களும் பின்னால் வருவார்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்றால் கலைப்பீடத்துக்கு வாருங்கள். மொழித்துறைகளில் பிள்ளைகள் இருக்கிறோம்.

இரண்டு, விவசாயிக்கு விற்கும் எந்தப் பசளையிலும், திண்மமோ திரவமோ, உள்ளே இருக்கும் சத்து எத்தனை கிராம் அல்லது எத்தனை கிலோ என்று மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். வீதம் மட்டும் போதாது. வீதத்தை ஒளித்து வைப்பது சுலபம், கிராமை ஒளிப்பது கஷ்டம்.

மூன்று, எங்களுக்கே. சேதனப் பசளை நல்லது, இரசாயனம் கெட்டது என்று போஸ்டர் எழுதுவதற்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். விஞ்ஞான பீட நண்பர்களோடு கன்டீனில் தேநீர் குடிக்கும்போது அவர்கள் என்ன ஆராய்கிறார்கள் என்று கேட்க வேண்டும். இரும்பு ஊக்கி தொடக்கம் எலும்புக் கனிமம் வரை இந்தக் கட்டுரையில் வந்த எதுவும் ஒரு கலைப்பீடப் பிள்ளைக்கு விளங்காத விஷயம் இல்லை.

இந்தத் தளத்தில் மாதம் ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து, அதைச் செய்தவர்களிடமே கேட்டு, தமிழில் எழுதலாம் என்று இருக்கிறோம். முதலில் கிளிரிசீடியா மரத்துண்டு. விஞ்ஞானம் படிக்கிறவர்கள், தோட்டத்தில் உரம் போட்டுப் பழகிய வீட்டுக்காரர்கள், எங்கள் கணக்கில் பிழை கண்டுபிடிக்கக்கூடியவர்கள் எல்லோரும் சேரலாம்.